நெரிசலான ஏப்ரானில் விமானத்தை நகர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான நிலையத்தின் உட்பகுதியில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள், விமானம் ஓட்டப் பயிற்சி பெறும் மாணவர்கள், சன்னலோர இருக்கையில் உட்கார்ந்து இறக்கையையே பார்த்துக்கொண்டு வந்த பயணிகள் என்று பலரும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வானில் நேரும் விபத்துகளைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்படுகிறது. விமானம் தரையில் உருளும்போது நேரும் விபத்துகளைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

1. ஏப்ரான், ராம்ப், பே, டாக்ஸிவே என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறீர்களே, எது எது?

விமானம் நின்று பயணிகளை ஏற்றி இறக்கும், சரக்கும் எரிபொருளும் ஏற்றிக்கொள்ளும் கான்கிரீட் பரப்பு முழுவதும் ஏப்ரான். அதையே ராம்ப் என்றும் சொல்வார்கள். அதில் ஒரு விமானம் நிற்பதற்கான தனி இடம் பே. பேக்களை ஒட்டி ஏப்ரானுக்குள்ளேயே செல்லும் வழி டாக்ஸிலேன். அங்கிருந்து ஓடுபாதை வரை கொண்டுபோய் விடுவது டாக்ஸிவே. விமானம் தன் சொந்த இன்ஜின் விசையால் இவற்றில் நகர்வதை டாக்ஸி செய்வது என்கிறோம்.

ஓடுபாதையில் ஒரு நேரத்தில் ஒரு விமானம்தான். ஏப்ரானில் அப்படியில்லை. ஒரு விமானம் பேயிலிருந்து பின்னுக்கு வந்துகொண்டிருக்கும், பக்கத்தில் இன்னொன்று உள்ளே நுழைந்துகொண்டிருக்கும், இவற்றுக்கு நடுவே பெட்டி வண்டிகளும் எரிபொருள் டேங்கர்களும் படிக்கட்டு வண்டிகளும் பேருந்துகளும் வாக்கிடாக்கியோடு நடந்துபோகிறவர்களும் இருப்பார்கள். கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இந்தக் கலப்பே பின்னணி.

2. நடந்து போகும் வேகத்தில்தானே உருள்கிறது? அதில் என்ன பெரிய ஆபத்து வந்துவிடப் போகிறது?

ஏப்ரானுக்குள் விமானங்கள் பொதுவாக 10 நாட் அளவில், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் உருளும். பேக்குள் நுழையும்போது அதையும்விடக் குறைவு. வேகம் குறைவுதான், ஆனால் எடை குறைவில்லை. முழுச் சுமையோடு புறப்படும் ஏர்பஸ் ஏ320 விமானம் 70 டன்னைத் தாண்டும். ஏ380 என்றால் 500 டன்னுக்கு மேல். அந்த எடையோடு நகர்ந்துவரும் இறக்கை முனை, மெல்லிய தகட்டால் ஆன இன்னொரு விமானத்தின் வாலைத் தொட்டால் வால்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். இறக்கைக்குள்தான் எரிபொருள் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2011 ஏப்ரல் 11 அன்று இரவு, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில், பாரிஸுக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் ஏ380 ஒன்றின் இடது இறக்கை முனை, தன் பேக்காகக் காத்து நின்ற சி.ஆர்.ஜே. 700 வகைச் சிறிய விமானத்தின் வாலில் பட்டது. பயணிகளோடு நின்றிருந்த அந்தச் சிறிய விமானம் நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பியது. 2024 செப்டம்பர் 10 அன்று அட்லாண்டாவில், டெல்டா நிறுவனத்தின் ஏ350 விமானத்தின் இறக்கை பட்டு, ஒரு சி.ஆர்.ஜே. 900 விமானத்தின் வாற்பகுதி அப்படியே முறிந்துபோனது. இரண்டிலும் உயிரிழப்பு இல்லை. அதற்கு இறக்கை எந்த இடத்தில் பட்டது என்பதுதான் காரணம். வேகம் குறைவாக இருந்ததை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

3. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். அதன் மேலேயே போனால் எதிலும் இடிக்காது அல்லவா?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மஞ்சள் கோடு இடைவெளியைத் தருகிறது, ஆனால் மூன்று நிபந்தனைகளோடு தருகிறது. உங்கள் விமானம் அந்தக் கோடு எந்த அளவுக்காக வரையப்பட்டதோ அதற்குள் இருக்க வேண்டும். நீங்கள் கோட்டின் மேல் இருக்க வேண்டும். மற்ற எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டும் விமானியின் கையில் உள்ளவை. மூன்றாவது அவர் கையில் இல்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமானங்களை இறக்கை அகலத்தை வைத்து எழுத்துக் குறியீடுகளாகப் பிரிக்கிறது. ஏ320, போயிங் 737 போன்றவை சி வகை, அதாவது 36 மீட்டருக்குக் குறைவான அகலம். போயிங் 777 இ வகை. ஏ380 எஃப் வகை. பேயில் நிற்கும் விமானத்துக்கும் பக்கத்தில் உள்ள எதற்கும் இடையே சி வகைக்கு 4.5 மீட்டரும், டி, இ, எஃப் வகைகளுக்கு 7.5 மீட்டரும் விட வேண்டும் என்பது அந்த அமைப்பின் அளவுகோல். காகிதத்தில் தாராளமாகத் தெரியும் இந்த 4.5 மீட்டர், ஒரு பெட்டி வண்டி கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டால் காணாமல் போய்விடும்.

இன்னொன்று. குறியீடு இறக்கை அகலத்தைத்தான் பார்க்கிறது, நீளத்தைப் பார்ப்பதில்லை. ஏ320 விமானத்தின் நீளம் 37.6 மீட்டர், ஏ321 விமானத்தின் நீளம் 44.5 மீட்டர், இரண்டும் சி வகைதான், இரண்டும் ஒரே பேக்குள் வரக்கூடும். அதனால்தான் பேயின் நடுக்கோட்டில் விமான வகைக்கு ஒன்றாக நிறுத்தக் குறிகள் வரைந்திருப்பார்கள். நீண்ட விமானம் தவறான குறியில் நின்றாலோ, முனையக் கட்டடத்திலிருந்து விமானக் கதவுக்கு நீளும் ஏரோபிரிட்ஜ் சரியாகாமல் பாதி வழியில் காத்திருந்தாலோ, அதன் வால் பின்னால் உள்ள டாக்ஸிலேனுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். டாக்ஸிலேனில் வருபவர் கோட்டை இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டு வந்தாலும் இடி நிச்சயம். கென்னடி நிலையத்தில் பேக்காகவும் அட்லாண்டாவில் ஓடுபாதைக்காகவும் காத்து நின்ற விமானங்களின் வால்கள்தான் அடிபட்டன.

4. விமானிக்குத் தன் இறக்கை முனை எங்கே இருக்கிறது என்று தெரியாதா?

பல பெரிய விமானங்களில் தெரியாது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் இதைப் பற்றி எழுதியபோது, போயிங் 747, 757, 767, 777, ஏ380 போன்றவற்றில் விமானி சன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் ஒழிய இறக்கை முனையைப் பார்க்க முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னது. விமானி அறை முன்கோடியில் இருக்கிறது. இறக்கையோ பின்னால் சாய்ந்து போகிறது. ஏ380 விமானத்தின் இறக்கை அகலம் கிட்டத்தட்ட 80 மீட்டர். அதில் ஒரு பக்கத்துக்கு 40 மீட்டர், அதுவும் உட்காருபவரின் தோளுக்கு வெகு பின்னால்.

முனை கண்ணுக்குத் தெரியும் சிறிய விமானங்களிலும் தூரத்தைக் கணிப்பது எளிதன்று. பக்கவாட்டில் சாய்வாகப் பார்க்கும்போது, இறக்கை முனைக்கும் எதிரே நிற்கும் வாலுக்கும் இடையே மூன்று மீட்டர் இருக்கிறதா, அரை மீட்டர் இருக்கிறதா என்பதை இரவு வெளிச்சத்தில் கண் சொல்லாது. ஆகவே பார்த்து ஒதுக்கிப் போய்விடலாம் என்ற நம்பிக்கையே ஆபத்தானது என்பது என் கருத்து.

5. திரும்பும்போது இறக்கை வெளியே வீசும் என்கிறார்களே, அது எப்படி?

குறுகலான தெருமுனையில் நீளமான பேருந்து திரும்பும்போது அதன் பின்பக்கம் எதிர்ப்புறமாக வெளியே தள்ளி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பின்சக்கரத்துக்கும் பின்னால் நீண்டிருக்கும் பகுதி அச்சைச் சுற்றி வெளிப்பக்கம் வீசுகிறது. விமானத்தின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அதன் முனை முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. எனவே திரும்பும்போது வெளிப்பக்க இறக்கை முனை, நேராகப் போனால் தொடாத இடத்தையும் சிறிது தூரத்துக்குத் தொட்டுவிட்டுப் போகும். இறக்கைச் சாய்வு கூடக் கூட இந்த வீச்சும் கூடும். போயிங் 747 விமானத்தில் அந்தச் சாய்வு 37.5 பாகை.

பயிற்சி மாணவர்கள் இதில் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். இடையூறைப் பார்த்தவுடன் அதிலிருந்து விலகும் பக்கமாகத் திருப்ப வேண்டும் என்று கை தானாகப் போகும். வலப்பக்கம் ஒரு விமானம் நிற்கிறது என்று இடப்பக்கம் திருப்பினால், வெளிப்பக்கமாகிவிட்ட வலது இறக்கை முனை அந்த விமானத்தை நோக்கித்தான் முதலில் வீசும். விமானம் நேராக உருண்டுகொண்டிருக்கும்போதே நிறுத்துவதுதான் வழி.

6. கன்ட்ரோல் டவர் வழி சொல்லிவிட்டதே. பிறகு இடித்தால் அது டவரின் தவறுதானே?

இல்லை. டவரிலோ, தரையில் நகரும் விமானங்களைப் பார்த்துக்கொள்ளும் கிரவுண்ட் கன்ட்ரோலிலோ இருப்பவர் எந்த வழியாகப் போகலாம் என்று சொல்கிறார். அந்த வழியில் உங்கள் இறக்கை முனைக்கு எத்தனை மீட்டர் இடைவெளி இருக்கிறது என்று அவர் அளந்து சொல்வதில்லை. பல விமான நிலையங்களில் ஏப்ரானின் பகுதிகள் டவரின் கண்ணுக்கே படாது. சில இடங்களில் ஏப்ரானை விமான நிலைய நிர்வாகத்தின் தனிக் கட்டுப்பாட்டு அறை பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் அந்தப் பரப்பின் பெரும்பகுதி டவரின் பொறுப்புக்கு வெளியேதான் இருக்கிறது. எந்த ஏற்பாடாக இருந்தாலும், மோதாமல் பார்த்துக்கொள்ளும் கடமை விமானத்தின் தலைமை விமானியிடமே இருக்கிறது.

2024 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில், சென்னைக்குப் புறப்பட்டு, ஓடுபாதைக்குள் நுழைய அனுமதிக்காக நின்றுகொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கை முனையை, டாக்ஸி செய்து வந்த இண்டிகோ விமானத்தின் இறக்கை உரசியது. இரண்டும் பேக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இண்டிகோ விமானிகள் இருவரையும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பணியிலிருந்து விலக்கி வைத்து விசாரணை தொடங்கியது. சம்பவம் ஏப்ரானில் நடக்கவில்லை, டாக்ஸிவேயில்தான் நடந்தது. ஆனாலும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு நல்ல சான்று.

சொன்ன வழியை விட்டு விலகினால் நிலைமை இன்னும் மோசம். 2013 டிசம்பர் 22 அன்று ஜோகன்னஸ்பர்க்கில், டாக்ஸிவே பி வழியாகத் திரும்பிப் போகச் சொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நேராக, தன் அகலத்துக்குப் போதாத எம் என்ற குறுகிய வழியில் போய்விட்டது. வலது இறக்கை ஒரு கட்டடத்துக்குள் புகுந்தது. உள்ளே இருந்த நான்கு பேருக்கு லேசான காயம். மூன்றாம் பதிலில் சொன்ன முதல் நிபந்தனை இங்கே உடைந்தது: கோடு இருந்தது, அது 747 விமானத்துக்கான கோடு அன்று.

7. முன்னால் கையில் விளக்குக் குச்சியோடு ஒருவர் நிற்கிறாரே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

அவர் மார்ஷலர். விமானத்தின் மூக்குக்கு நேர் எதிரே நிற்பதால் நடுக்கோட்டையும் நிறுத்தக் குறியையும் அவரால் துல்லியமாகக் காட்ட முடியும்; இரண்டு இறக்கை முனைகளையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது. நெரிசலான இடத்தில் இறக்கை முனைக்கு ஒருவராக விங் வாக்கர் நடந்து வருவது அதற்காகத்தான். அவர் குச்சியைக் குறுக்காகப் பிடித்தாலோ, கண்ணுக்குத் தெரியாமல் போனாலோ நிறுத்த வேண்டும். தெரியாமல் போனாலும் நிறுத்த வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது பல பேக்களில் சுவரில் பொருத்திய தானியங்கிப் பலகை விமான வகையையும் மீதித் தூரத்தையும் காட்டுகிறது. அதில் வேறு வகையின் பெயர் தெரிந்தால் உள்ளே போகக் கூடாது. காரணம் மூன்றாம் பதிலில் சொன்ன நிறுத்தக் குறிதான். மார்ஷலரும் இல்லை, பலகையும் எரியவில்லை என்றால் பே தயாராக இல்லை என்று பொருள்.

8. இன்ஜினுக்குப் பின்னால் வரும் காற்று ஆளைத் தூக்கி எறியுமா?

எறியும். இன்ஜின் ஐடில் நிலையில், அதாவது மிகக் குறைந்த விசையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, போயிங் 737 அளவுள்ள விமானத்துக்குப் பின்னால் சுமார் 30 மீட்டர் வரை ஆபத்தான பகுதி. நின்றுவிட்ட விமானத்தை மறுபடி நகர்த்த விசையைக் கூட்டும்போது அந்தப் பகுதி நீண்டுவிடும். காலிக் கன்டெய்னர், பிளாஸ்டிக் கூம்பு, பிரேக் போடாத பெட்டி வண்டி, ஓரமாக நிறுத்திய படிக்கட்டு எல்லாம் அதில் நகரும். ஒரு கன்டெய்னர் பறந்துபோய் அடுத்த பேயில் நிற்கும் விமானத்தில் இடிக்க அதிக நேரம் ஆகாது.

விமானம் திரும்பும்போதுதான் இது மிகவும் தொல்லை. வால் எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கத்துப் பேக்கள் முழுவதையும் அந்தக் காற்று துடைத்துக்கொண்டு போகும். அங்கே பயணிகள் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கலாம். ஆகவே திருப்பத்துக்குள் நுழையும்போதே போதிய உருளும் வேகம் இருக்க வேண்டும். திருப்பத்தின் நடுவில் நின்றுவிட்டால் விசையைக் கூட்டி முண்டுவதைவிட, விமானத்தை இழுத்தும் தள்ளியும் நகர்த்தும் டக் வண்டியை வரவழைப்பது நல்லது. எரிபொருளை மிச்சப்படுத்த ஒரே இன்ஜினில் டாக்ஸி செய்யும் வழக்கத்தையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்: இரண்டு இன்ஜின் செய்ய வேண்டிய வேலையை ஒன்று செய்வதால் அதன் பின்னால் வரும் காற்று கூடுதல் வேகமாக இருக்கும். மிச்சமாகும் எரிபொருளை நான் குறைத்து மதிப்பிடவில்லை; நெரிசலான பேக்களுக்கு நடுவே அது சரியான இடமன்று என்கிறேன்.

9. இன்ஜின் ஆளை உள்ளே இழுத்துவிடும் என்பது உண்மையா, பயமுறுத்தச் சொல்வதா?

உண்மை. போயிங் 737 வகையில் ஐடில் நிலையில் இன்ஜினின் முன்னும் பக்கவாட்டிலும் சுமார் 3 மீட்டர், விசை கூடினால் 4 மீட்டருக்கு மேல் உறிஞ்சும் பகுதி என்று இன்ஜின் உறையின் மேலேயே சிவப்புப் படம் ஒட்டியிருக்கும். பெரிய இன்ஜின்களுக்கு இந்தத் தூரம் இன்னும் அதிகம். அதன் விளிம்பில் நிற்பவருக்கு மெல்லிய இழுப்பு எதுவும் முன்னெச்சரிக்கையாக வராது. ஓர் அடி உள்ளே வைத்தால் கால் தரையில் நிற்காது. காதில் சத்தத்தடுப்பு மாட்டியிருப்பதாலும், சுற்றிலும் வேறு இன்ஜின்கள் இரைந்துகொண்டிருப்பதாலும், பக்கத்தில் உள்ள இன்ஜின் ஓடுகிறதா என்பதைக் காதால் அறிய முடியாது.

2015 டிசம்பர் 16 அன்று மும்பையில், பின்னுக்குத் தள்ளும் வேலை முடிந்து தரைப்பணியாளர் விலகுவதற்குள் ஏர் இந்தியாவின் ஏ319 நகரத் தொடங்கியதில், முன்சக்கரத்தருகே நின்ற தொழில்நுட்பப் பணியாளர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். இதைத் தடுக்கத்தான் ஒரு சிறிய சடங்கு போன்ற நடைமுறை இருக்கிறது. டக் வண்டியை விமானத்தோடு இணைக்கும் கம்பியான டோபாரைக் கழற்றிய பிறகு, முன்சக்கரத் திருப்பத்தைப் பூட்டி வைத்திருந்த பின்னைப் பிடுங்கி, அதில் தொங்கும் சிவப்பு நாடாவை விமானி பார்க்கும்படி உயர்த்திக் காட்டிவிட்டு, பணியாளர் கையசைப்பார். விமானி பதிலுக்குக் கையசைப்பார். நாடாவையும் ஆளையும் எண்ணிப் பார்க்காமல் விளக்கைப் போட்டு நகரக் கூடாது.

2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் நடந்தது வருகையின்போது. எம்ப்ரேயர் 175 விமானம் பேயில் வந்து நின்றுவிட்டது. அதன் துணை மின்னாக்கியான ஏ.பி.யூ. வேலை செய்யாததால் தரை மின்சாரம் இணைக்கும் வரை இன்ஜின்கள் ஓடவேண்டியிருந்தது. இன்ஜின் ஓடும், கிட்டப் போகாதீர்கள் என்று பணியாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியும், கூம்பை எடுத்துக்கொண்டு இறக்கையருகே போன ஒருவர் இறந்துபோனார். விமானம் நின்றுவிட்டது என்பதும் இன்ஜின் நின்றுவிட்டது என்பதும் வேறு வேறு. வயிற்றின் கீழும் முதுகின் மேலும் சிமிட்டும் சிவப்பு பீக்கன் அணைந்து, இன்ஜின் விசிறி சுற்றுவது நிற்கும் வரை யாரும் கிட்டே போகக் கூடாது.

10. ஏ.டி.ஆர். விமானத்தில் புரொபெல்லர் சுற்றவில்லை என்றால் கிட்டப் போகலாமா?

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ சேலத்துக்கோ ஏ.டி.ஆர். விமானத்தில் போனவர்கள் கேட்கும் கேள்வி இது. ஏ.டி.ஆர். 72 விமானத்தில் ஏ.பி.யூ. கிடையாது. அதற்குப் பதிலாக வலது இன்ஜினை ஓடவிட்டு, அதன் புரொபெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, மின்சாரமும் குளிர்காற்றும் எடுத்துக்கொள்வார்கள். புரொபெல்லர் அசையாமல் நிற்கும். இன்ஜின் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், பின்னால் சூடான புகை வந்துகொண்டிருக்கும். பயணிகளை இடப்பக்கப் பின்கதவு வழியாக ஏற்றி, வலப்பக்கம் யாரையும் விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகமாகச் சுற்றும் புரொபெல்லர் கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது. நின்றிருப்பதையும் சுற்றுவதாகவே எண்ணி விலகிப் போவது பழைய பழக்கம், மாற்றத் தேவையில்லை.

11. வண்டி பெரியதா, விமானம் பெரியதா? அதாவது, யாருக்கு முதல் வழி?

எப்போதும் விமானத்துக்குத்தான், அது தானே உருண்டாலும் டக் வண்டி இழுத்துப் போனாலும். ஆபத்தில் இருக்கும் விமானத்துக்கு உதவப் போகும் தீயணைப்பு வண்டி மட்டும் விதிவிலக்கு. இரண்டு விமானங்கள் என்றால் சர்வதேச விதி எளிது: நேருக்கு நேர் வந்தால் இருவரும் நிறுத்த வேண்டும், அல்லது முடிந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும்; குறுக்கே வந்தால், தன் வலப்பக்கம் மற்றதைப் பார்ப்பவர் வழிவிட வேண்டும்.

விதி தெரிந்தும் வண்டிக்காரருக்கு விமானம் கண்ணில் படாமல் போவதுதான் சிக்கல். 2019 மே 10 அன்று அதிகாலை டொராண்டோவில், மழையில், டாக்ஸி செய்துகொண்டிருந்த டேஷ் 8 விமானத்தின் மேல் எரிபொருள் டேங்கர் ஒன்று மோதிப் பலர் காயமடைந்தார்கள். டேங்கரின் முன்பக்கம் இருந்த ஏற்றமேடை ஓட்டுநரின் பார்வையை மறைத்திருந்தது. நின்றுகொண்டிருக்கும் விமானங்களுக்கு வண்டிகள்தான் பெரிய எதிரி: பெட்டிகளை ஏற்றும் பெல்ட் லோடர், சரக்கு லோடர், படிக்கட்டு, ஏரோபிரிட்ஜ் ஆகிய நான்கும் சேர்ந்து தரைச் சேதங்களில் சுமார் 40 விழுக்காட்டுக்குக் காரணம் என்று விமான நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஏ.டி.ஏ. 2022-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது.

12. டக் வண்டி இழுத்துப் போனால் பாதுகாப்பு அதிகம்தானே? மெதுவாக, கண் முன்னால் நடக்கிற வேலை.

டக் ஓட்டுநர் விமானத்தின் மூக்குக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். பின்னுக்குத் தள்ளும்போது வாலும் இறக்கை முனைகளும் அவருக்கு உடல் மறைவில் போய்விடும். 2018 ஜனவரி 5 அன்று டொராண்டோவில், பயணிகள் இல்லாமல் டக் வண்டியால் நகர்த்தப்பட்ட ஒரு 737, பேக்காகக் காத்து நின்ற இன்னொரு 737 விமானத்தின் மேல் வாலை இடித்துத் தீப்பிடித்தது. நின்ற விமானத்திலிருந்து பயணிகள் அவசர வழிகளில் இறங்க நேர்ந்தது. வாலருகே ஆள் நிறுத்தாமல் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை, எவ்வளவு பழகிய பேயாக இருந்தாலும்.

13. மழையிலும் இரவிலும் கூடுதலாக என்ன மாறுகிறது?

முதலில் கோடு மறைகிறது. ஈரமான கான்கிரீட்டில் உயரக் கம்பத்து விளக்குகளின் ஒளி பட்டுத் திரும்பும்போது, மஞ்சள் கோடும் அழித்த பழைய கோட்டின் தடமும் ஒரே மாதிரி மினுக்கும். விரிவாக்கப் பணி நடக்கும் ஏப்ரானில் இது சகஜம். அடுத்து, எண்ணெய் படிந்த இடத்திலும் வண்ணம் பூசிய இடத்திலும் முன்சக்கரம் வழுக்கும். திருப்பியும் விமானம் நேராகவே போகும்.

பனிமூட்டம் இவை எல்லாவற்றையும்விட மோசம். 2001 அக்டோபர் 8 அன்று மிலான் லினாட்டே நிலையத்தின் ஏப்ரானிலிருந்து புறப்பட்ட ஒரு சிறிய செஸ்னா, ஆர்5 என்ற வழியில் போக வேண்டியது ஆர்6 வழியில் போய், ஓடுபாதைக்குள் நுழைந்துவிட்டது. தரை ரேடார் இயங்கவில்லை. குறிகளும் பலகைகளும் தெளிவாக இல்லை. புறப்பட்டு ஓடிவந்த எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தின் எம்.டி. 87 அதன் மேல் மோதியதில், தரையில் இருந்த நால்வரையும் சேர்த்து 118 பேர் இறந்தார்கள். ஏப்ரானை விட்டு வெளியேறும் திருப்பத்தில் செய்த பிழை ஓடுபாதையில் போய் முடிந்தது.

14. லேசான உரசல்தான், கீறல்கூடத் தெரியவில்லை. அதற்காக விமானத்தையே நிறுத்த வேண்டுமா?

நிறுத்த வேண்டும். 2005 டிசம்பர் 26 அன்று சியாட்டிலில், அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்.டி. 83 விமானத்தின் உடலில் ஒரு தரைப்பணி வண்டி இடித்தது. இடித்தவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. நசுங்கிய தகடு சுமார் 26,000 அடி உயரத்தில் ஓர் அடி அகலத்துக்குக் கிழிந்து, உள்ளே காற்றழுத்தம் போய்விட்டது. விமானம் பத்திரமாகத் திரும்பியது. அலுமினியத்திலாவது நசுங்கல் கண்ணுக்குத் தெரியும். போயிங் 787, ஏ350 போன்ற கார்பன் இழை உடல்களில் மேற்பரப்பு பழையபடி நிமிர்ந்துவிட்டு உள்ளடுக்குகள் பிரிந்திருக்கக் கூடும். கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இடித்தவர் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேலை போய்விடும் என்ற பயம். சொன்னவரைத் தண்டிக்கும் நிர்வாகம் அடுத்த இடியைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

15. இறக்கை முனையில் கேமரா வைத்தால் தீர்ந்ததே?

நான்காம் பதிலில் சொன்ன அமெரிக்க வாரியம் அதைத்தான் பரிந்துரைத்தது: இறக்கை முனை தெரியாத பெரிய விமானங்களில் கேமரா போன்ற மோதல் தடுப்பு உதவி வேண்டும் என்று. போயிங் 777-300 போன்ற நீண்ட விமானங்களில் சக்கரங்களைக் காட்டும் கேமரா ஏற்கெனவே உண்டு. அது சக்கரம் ஓரத்தை விட்டு இறங்காமல் பார்க்க உதவும், இறக்கை முனைக்கு அன்று.

கேமரா வந்தாலும் நான் முழுதாக நிம்மதி அடைய மாட்டேன். டாக்ஸி செய்யும்போது விமானி அறையில் பட்டியல் படிப்பது, வானொலியில் பேசுவது, வழி வரைபடம் பார்ப்பது என்று ஏற்கெனவே கண்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன. இன்னொரு திரை அந்த இழுப்பைக் கூட்டும். நெரிசலான பகுதியைத் தாண்டும் வரை ஒருவராவது வெளியே மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

16. பயணியாக நான் என்ன செய்ய வேண்டும்?

பேருந்தில் போய் ஏறும் தொலைதூரப் பேயில், காட்டிய வழியிலேயே நடங்கள்; இறக்கைக்கு அடியில் குறுக்கு வழி எடுக்காதீர்கள்; செல்ஃபிக்காகப் பின்னால் நகராதீர்கள். தொப்பி பறந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே உட்கார்ந்த பிறகு, விமானம் உருண்டு முடித்து முழுதாக நிற்கும் வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள். திடீர்ப் பிரேக்கில் விழுந்து அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டிருப்பவர்கள்தான். சன்னல் வழியே மோதலைப் பார்த்தால் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள், ஆனால் கதவைத் திறக்க ஓடாதீர்கள்: ஒன்பதாம் பதிலில் சொன்ன இன்ஜின் அப்போது ஓடிக்கொண்டிருக்கக் கூடும்.

17. சந்தேகம் வந்தால் நிறுத்து என்கிறீர்கள். நிறுத்திவிட்டால் பின்னால் வரிசையே நின்றுவிடுமே, திட்டு விழாதா?

விழும். இருந்தாலும் நிறுத்துங்கள். முன்னால் நிற்கும் விமானத்தின் வால் டாக்ஸிலேனுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நிச்சயமாகத் தெரியாதபோது, அதன் பின்னால் கடக்கலாம் என்று அந்த விமானத்தின் விமானி வானொலியில் சொன்னாலும் ஏற்கக் கூடாது. தன் வால் எங்கே இருக்கிறது என்று அவராலும் பார்க்க முடியாது.

நிறுத்தியவுடன் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, கிரவுண்ட் கன்ட்ரோலிடம் இடைவெளி உறுதியாகவில்லை என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லி, விங் வாக்கர்களைக் கேளுங்கள். அவர்கள் வந்து இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் நின்று சைகை காட்டிய பிறகு நகரலாம். மறுபடி நகர விசையைக் கூட்டுவதற்கு முன்னால், எட்டாம் பதிலை நினைத்துக்கொண்டு, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே படிக்கட்டோ ஆட்களோ இருந்தால் அவர்களை விலக்கச் சொல்லுங்கள். இடைவெளியே இல்லை என்று தெரிந்தால் திருப்பிப் பார்ப்பதோ ஓரமாகப் போய்ப் பார்ப்பதோ வேண்டாம். டக் வண்டியைக் கேளுங்கள். அது வந்து முன்சக்கரத்தில் இணைவதற்கு முன்பே இன்ஜின்களை அணைத்து, பீக்கனையும் அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் இணைப்பவர் நிற்கப்போவது இரண்டு இன்ஜின்களுக்கும் நடுவில்தான்.